சட்டப்படி நீங்கள் ஏழாவது, அத்தை

யார்க், இங்கிலாந்து
ஞாயிற்றுக்கிழமை, மழை

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் குரல்பதிவு கிடைத்தது, முழுசாகக் கேட்டேன். அதில் பாதி குக்கர் விசில், கால்வாசி மாமா பின்னாலிருந்து சொன்ன திருத்தங்கள். மிச்சத்தில் இருந்தது ஒரே ஒரு கேள்வி: "அவன் அங்க என்னதான் படிக்கிறான்னு தெருவுல கேக்கறாங்கடா, நான் என்னன்னு சொல்றது?" அதற்கு போனில் பதில் சொன்னால் நடுவில் ஆயா வாங்கி "சாப்டியா" என்று கேட்டு வைத்துவிடுவாள். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். ஆயாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவளுக்கு வேண்டாத இடம் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஏற்கெனவே என்னென்ன பதில்கள் உலவுகின்றன என்பது எனக்கும் தெரியும். எதிர்வீட்டுக்காரர் என்னை மெண்டல் டாக்டர் ஆக்கிவிட்டார். சித்தப்பா கௌரவத்தை முன்னிட்டு ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் என்கிறார். தரகர் என் ஜாதகத்தின் மேல் 'எம்.எஸ்., லண்டன்' என்று எழுதி மாம்பலத்தில் ரெண்டு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாராம். யார்க் என்பது லண்டனிலிருந்து ரயிலில் ரெண்டு மணி நேரம் வடக்கே இருக்கிற ஊர். எம்.எஸ். என்பது எங்கிருந்து வந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

நான் படிப்பது மன, சமூக நலச் சேவைகள். தெருவுக்குப் புரிகிற மாதிரி இப்படிச் சொல்லுங்கள். ஒருத்தனுக்குக் காதில் குரல் கேட்கிறது. மனநல டாக்டர் மாத்திரை கொடுக்கிறார், குரல் அடங்குகிறது. சந்தோஷம். ஆனால் இப்போது அவனுக்கு முப்பத்து நாலு வயசு. வேலை போய்விட்டது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார். ரேஷன் கார்டில் பேர் இல்லை. மனைவி அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. கூட்டாளிகள் அவனைப் பார்த்தால் டீக்கடையில் பெஞ்சு மாறி உட்காருகிறார்கள். இதற்கெல்லாம் எந்த பார்மசியிலும் மாத்திரை கிடையாது. அந்த மிச்சம் அத்தனையும் எங்கள் இலாகா.

"இதுக்கு ஒரு படிப்பா, நம்ம தெருவுல பத்து பேர் சும்மாவே செய்வாங்களே" என்று மாமா இப்போது சொல்லியிருப்பார். மாமா, எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-லிருந்து இருக்கிறது. மேரி கிளப்வாலா ஜாதவ் என்கிற பார்சி அம்மா தொடங்கியது. நம்ம ஊர் ஷெரீஃப்பாகக்கூட இருந்தவர். ஆக, இது நேற்று முளைத்த படிப்பு இல்லை. அப்படியானால் எழும்பூரை விட்டுவிட்டு ஏன் ஏரோப்ளேன் ஏறினாய் என்று கேட்காதீர்கள். எனக்குக் கல்விக்கடன் கொடுத்த பேங்க் மேனேஜரும் அதைத்தான் கேட்டார்.

சரி, தலைப்புக்கு வருகிறேன்.

இங்கே 1983-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் என்று ஒன்று உண்டு. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமானால் ரெண்டு டாக்டர்கள் பரிந்துரை எழுத வேண்டும். அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. அதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற ஒருவர், பெரும்பாலும் எங்கள் சமூகப்பணி ஜாதிதான், ஆளை நேரில் பார்த்துப் பேசி, வேறு வழியே இல்லையா என்று யோசித்து, அதன் பிறகுதான் விண்ணப்பம் போடுவார். ரெண்டு டாக்டரும் சரி என்று சொல்லி இவர் மட்டும் மாட்டேன் என்றாலும், மாட்டேன் என்றால் மாட்டேன்தான். டாக்டர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத வீட்டிலிருந்து வந்த எனக்கு இதை ஜீரணிக்கவே கொஞ்ச நாள் ஆனது.

இதே சட்டத்தில் 'நெருங்கிய உறவினர்' என்று ஒரு பதவி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் வைத்திருப்பதற்கு அவர் தடை சொல்லலாம். 'விடுங்கள்' என்று எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். இத்தனை அதிகாரம் உள்ள அந்த ஆள் யார் என்பதற்குச் சட்டமே ஒரு வரிசை போட்டிருக்கிறது. முதலில் கணவன் அல்லது மனைவி. அப்புறம் பிள்ளைகள், அப்பா அம்மா, அண்ணன் தம்பி அக்கா தங்கை, தாத்தா பாட்டி, பேரன் பேத்தி. அதற்கும் அப்புறம்தான் அத்தை, மாமா, சித்தப்பா, பெரியம்மா எல்லாரும் ஒரே கட்டத்தில். எண்ணிப் பார்த்தேன். நீங்கள் ஏழாவது. உங்களுக்குக் கீழே ஒரே ஒரு வகைதான் இருக்கிறது, அது நான்.

கோபப்படாதீர்கள். ஒரே கட்டத்தில் பலர் இருந்தால் வயதில் மூத்தவருக்கே முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே சித்தப்பா உங்களுக்குப் பின்னால்தான். இதை அவருக்குச் சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியமானது அடுத்த உட்பிரிவு: நோயாளி யாரோடு குடியிருக்கிறாரோ, யார் அவரைப் பார்த்துக்கொள்கிறாரோ, அவர் எத்தனையாவது இடத்தில் இருந்தாலும் முதல் இடத்துக்கு வந்துவிடுவார். சட்டம் எழுதியவர்களுக்கு நம் வீடு தெரிந்திருக்கிறது என்று வகுப்பில் எனக்கு ஒரே பெருமை. பக்கத்தைத் திருப்பினால் இன்னொரு வரி: நோயாளி பிரிட்டனில் வசிப்பவராக இருந்தால், பிரிட்டனில் வசிக்காத உறவினர் கணக்கிலேயே கிடையாது. ஏழாவதாக இருந்து முதலாவதாகி, அஞ்சே நிமிஷத்தில் நீங்கள் பட்டியலை விட்டே போய்விட்டீர்கள். எனக்கு இங்கே ஏதாவது ஆனால் எனக்காகக் கையெழுத்துப் போடச் சட்டப்படி யாரும் இல்லை. கோர்ட்தான் யாரையாவது போட வேண்டும்.

இந்த வரிசையை எடுத்துவிட்டு, நோயாளியே தனக்கு வேண்டியவரைச் சொல்லட்டும் என்று இங்கே 2018-லேயே ஒரு மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது. நான் கையைத் தூக்கி, எங்கள் ஊரில் 2017-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே அது இருக்கிறதே என்றேன். உண்மைதான் அத்தை. 2018 மே மாசம் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயசு நிரம்பிய யாரும் ஒரு வெள்ளைத் தாளில் 'எனக்கு மனநலம் குன்றினால் இவர்தான் எனக்காகப் பேச வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். நோட்டரி வேண்டாம், ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். வாத்தியார் வாயைப் பிளந்துவிட்டார். உங்கள் ஊரில் எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அடுத்து கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தேன். நம் வீட்டில் ஆயா உயில் எழுதலாம் என்று ஒருமுறை வாய் திறந்ததற்கே மூணு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த ஊரைப் பற்றிக் கேட்டீர்கள். சுற்றிலும் பழைய கோட்டைச்சுவர், நடுவில் ஒரு பெரிய மாதா கோயில், ஊஸ் என்று ஒரு ஆறு. மழை பெய்தால் ஆறு ஊருக்குள் வரும், அந்த வகையில் வேளச்சேரிக்காரர்கள் இங்கே வந்தால் அந்நியமாக உணர மாட்டார்கள். எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே 'தி ரிட்ரீட்' என்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. எங்கள் பாடத்தில் அது ஒரு க்ஷேத்திரம் மாதிரி. 1790-இல் ஹன்னா மில்ஸ் என்று ஒரு பெண் இந்த ஊர் மனநோய் விடுதியில் இறந்துபோனார். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவர். பார்க்கப் போன அவருடைய சமயத்தாரை உள்ளே விடவில்லை. அதில் மனசு கொதித்த வில்லியம் ட்யூக் என்கிற குவேக்கர் பணம் திரட்டி, சங்கிலியும் அடியும் இல்லாத ஒரு இடம் வேண்டும் என்று 1796-இல் திறந்ததுதான் ரிட்ரீட். ட்யூக் டாக்டர் இல்லை. டீத்தூள் வியாபாரி. ஆயாவுக்கு இந்த இடம் பிடிக்கும், ரெண்டு தடவை வாசியுங்கள். நோயாளிகள் இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு மேற்பார்வையாளரோடு டீ குடிக்க உட்காருவார்களாம். மரியாதையாக நடத்தினால் மனுஷன் மரியாதையாக நடந்துகொள்வான் என்பதுதான் வைத்தியம். இந்த வைத்தியத்தை உலகமெல்லாம் நகலெடுத்தது. (அந்தக் குடும்பத்தின் கோகோ வியாபாரத்தைத்தான் பிற்பாடு ரவுன்ட்ரீ என்பவர்கள் வாங்கினார்கள். கிட்கேட் அவர்கள் செய்ததுதான். தம்பிக்குச் சொல்லுங்கள், நான் படிப்பதில் அவனுக்குப் பிடித்த ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.)

ரிட்ரீட்டுக்கும் ரெண்டு வருஷம் முன்னால், 1794-லேயே நம் மெட்ராஸில் வாலன்டைன் கானலி என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி சர்ஜன் ஒரு மனநோய் விடுதி நடத்தத் தொடங்கிவிட்டார். அதன் வாரிசுதான் நம் கீழ்ப்பாக்கம். 1871-இல் இப்போதிருக்கிற இடத்துக்கு வந்தது. யார்க்கில் ரிட்ரீட் என்றால் ஊரார் தலை நிமிர்கிறார்கள். நம் ஊரில் கீழ்ப்பாக்கம் என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஷேர் ஆட்டோவில் ஒருத்தன் சில்லறைக்குச் சண்டை போட்டால் "கீழ்ப்பாக்கத்துல எறக்கி விட்றவா" என்பார் டிரைவர், வண்டியே சிரிக்கும். சினிமாவும் தன் பங்குக்கு அறுபது வருஷமாக அந்த ஜோக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பயந்து வைத்தியத்துக்கே போகாமல் இருந்தவர்களை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அதே கீழ்ப்பாக்கத்தை 1961-லிருந்து 1978 வரை நடத்தியவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்காராமல் 1984-இல் ஸ்கார்ஃப் என்கிற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். தொண்ணூற்றெட்டு வயசு வரை இருந்தார். இங்கே யாருக்கும் அவர் பேர் தெரியாது. மயிலாப்பூரிலும் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நீங்கள் வேண்டுமானால் ஒருநாள் மாட வீதியில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த பத்தி ஆயாவுக்கு வேண்டாம்.

சங்கிலி பற்றிய வகுப்பில் 1796 என்று தேதி போட்டு, அது எப்போதோ முடிந்துபோன சங்கதி மாதிரி எல்லாரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு 2001 ஆகஸ்ட் 6 ஞாபகம் வந்தது. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை விடிகாலையில் தீப்பிடித்தபோது கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் எல்லாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. பாதிப் பேர் கையில் இருந்த காசெல்லாம் தீர்ந்து, வேறு எங்கே போவது என்று தெரியாமல் வந்தவர்கள். இதை நான் வகுப்பில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் வாத்தியார் அந்தத் தேதியைப் பலகையில் 1796-க்குக் கீழே எழுதினார்.

இனி ஆயாவைக் கூப்பிடலாம்.

படிப்பிலேயே கஷ்டமான பாடம் எது தெரியுமா? சட்டமும் இல்லை, புள்ளிவிவரமும் இல்லை. கேட்பது. எதிரில் இருப்பவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது, 'எங்க ஒண்ணுவிட்ட அக்காவுக்கும் இப்படித்தான்' என்று ஆரம்பிக்கக் கூடாது. மயிலாப்பூரில் பிறந்தவனுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை! நம் ஊரில் கீரைக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டு, ரத்தப் பரிசோதனை வரிசை எல்லா இடத்திலும் அறிவுரை இலவசம், மறுத்தாலும் கொடுப்பார்கள். இங்கே ஜோடி ஜோடியாக உட்கார வைத்துப் பயிற்சி. நான் கஷ்டத்தைச் சொல்கிறவன், என் வகுப்புத் தோழி கேட்கிறவள். சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்றேன். நீங்களாக இருந்தால் சாம்பார்ப் பொடி பார்சல் அன்று சாயங்காலமே போஸ்டாபீசில் இருக்கும். அவள் மெதுவாக, "சாப்பாடு உங்களுக்கு ஒத்துவரவில்லை" என்றாள். அதைத்தானே நான் சொன்னேன்! நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்றேன். "சீக்கிரம் இருட்டிவிடுவது உங்களைப் பாதிக்கிறது" என்றாள். இப்படியே போனது. எரிச்சலான விஷயம் என்னவென்றால், கடைசியில் எனக்கு நிஜமாகவே பாரம் குறைந்த மாதிரி இருந்தது. கார்ல் ராஜர்ஸ் என்கிற அமெரிக்கர் இதைத்தான் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆனாலும் சாம்பார்ப் பொடி அனுப்புங்கள்.

இன்னொன்று கேளுங்கள். இந்த நாட்டில் 2018-இல் தனிமைக்கு ஒரு மந்திரியை நியமித்தார்கள். நீர்வளம், நிதி மாதிரி, தனிமை. முதல் மந்திரியின் பேர் ட்ரேஸி க்ரௌச். போன வாரம் இதை போனில் ஆயாவிடம் சொன்னேன். "எனக்குக் கொஞ்சம் அனுப்பச் சொல்லுடா, இந்த வீட்ல அதுதான் கெடைக்கல" என்றாள். மந்திரி வந்த அடுத்த வருஷம் இங்கே இன்னொன்றையும் பெரிய அளவில் கொண்டுவந்தார்கள். டாக்டரிடம் போய் மனசு சரியில்லை என்றால் மாத்திரைக்குப் பதிலாகவோ மாத்திரையோடு சேர்த்தோ தோட்டவேலை, பாட்டுக் கோஷ்டி, நடைக் குழு என்று அனுப்பி வைப்பார்கள். கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கவே சம்பளத்துக்கு ஆள் உண்டு. லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பார்க்கில் காலை ஆறு மணிக்கு இத்தனையும் டாக்டர் சீட்டு இல்லாமலே நடக்கிறதே என்று சொல்ல வாய் துடித்தது. அமிர்தாஞ்சன்காரர் பேரில் பார்க் வைத்தது சும்மா இல்லை, தலைவலிக்கு ரெண்டு வைத்தியமும் அந்த ஒரே ரோட்டில் இருக்கிறது.

ஆயாவுக்கு வேலைவாய்ப்பு ஒன்றும் கண்டுபிடித்திருக்கிறேன். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே. நாடு முழுக்க மனநல டாக்டர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. 2006-இல் டிக்சன் சிபாண்டா என்கிற டாக்டர் ஹராரேயில் பாட்டிமார்களைப் பிடித்துப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தார். மனசு கஷ்டம் என்று வருகிறவர்களோடு பாட்டி உட்கார்ந்து பேசுவாள். பத்து வருஷம் கழித்து முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள், வழக்கமான சிகிச்சையைவிட நல்ல பலன். நியூயார்க் வரைக்கும் பெஞ்சு போய்விட்டது. நம் திண்ணையைத்தான் காப்பியடித்திருக்கிறார்கள் என்று மாமா சொல்வார். ஒரே ஒரு வித்தியாசம்தான் மாமா: அந்தப் பாட்டிகள் காலையில் கேட்டதை மத்தியானம் நாலாவது தெருவில் சொல்ல மாட்டார்கள். இந்த நிபந்தனையைக் கேட்டபின் ஆயா மனு போடுவாளா என்று கேட்டு எழுதுங்கள்.

பயிற்சிக்காக வீடுகளுக்கும் போகிறோம். போவதற்கு முன்னால் கடுதாசி, அதற்கு மேல் ஒரு போன், வாசலில் நின்று அடையாள அட்டை. உள்ளே போனால் எதையும் வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டும். நம் ஊரில் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு சமூகப் பணியாளர் அந்தத் தெருவுக்குள் மறுபடி நுழைய முடியுமா? இங்கே ஒரு பெரியவர், மனைவி போய் வருஷக் கணக்காகிறது, நாங்கள் கிளம்பும்போது எழுந்து நின்று, இந்த வாரம் என் வீட்டுக்குள் கேட்ட மனுஷக் குரல் உங்களுடையதுதான் என்றார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. தனிமைக்கு ஏன் மந்திரி போட்டார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

இப்போது கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் ஒருநாள் திரையில் உலகப் படத்தைப் போட்டு, 1960-களின் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகளைப் பின்தொடர்ந்த கதையைச் சொன்னார். பணக்கார நாடுகளைவிட இந்தியாவிலும் நைஜீரியாவிலும் இருந்தவர்கள் மேலாகத் தேறியிருந்தார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நானே தேற்றிவிட்ட மாதிரி. குடும்பம்தான் காரணம் என்று பலர் சொன்னார்கள். வேலூர் சி.எம்.சி.யில் நோயாளியோடு குடும்பத்து ஆள் ஒருவரும் கூடவே தங்குகிற வழக்கத்தைச் சொன்னேன். ஒரு காலத்தில் பார்க்க வந்தவர்களையே உள்ளே விடாத ஊரில் அது அதிசயமாக இருந்தது.

அப்புறம் நம் பேட்டைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் தற்கொலையைத் தடுக்க டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா. பரீட்சை முடிவு வருகிற நாளில் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றப் போனில் பேசினால் மட்டும் போதாது என்று கண்டுகொண்டு, தோற்றவர்கள் ஒரு வருஷம் காத்திருக்காமல் உடனே மறுபரீட்சை எழுதும்படி ஏற்பாடு வர அவர்கள் அரசாங்கத்திடம் வாதாடினார்கள். பரீட்சைத் தேதியை மாற்றுவதும் மனநல வைத்தியம்தான் என்று சொன்னதும் பேனாக்கள் ஓடின. அடையாறு இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மையம். அங்கே குடிப்பவரோடு குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை.

எல்லாவற்றுக்கும் மேலே, பேனியன். 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்று ரெண்டு பெண்கள், இருபதுகளில் இருந்தவர்கள், தெருவில் திரியும் மனநோயாளிப் பெண்களுக்காக ஆரம்பித்தது. வைத்தியம் முடிந்து குணமான பிறகும் போக இடமில்லாமல் வருஷக் கணக்காக உள்ளேயே இருந்தவர்களுக்காக 2015-இல் ஒரு காரியம் செய்தார்கள். சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பெண்களை ஒரு குடும்பமாகக் குடிவைத்தார்கள். சமையல், சண்டை, மார்க்கெட் எல்லாம் அவர்கள் பாடு. இங்கே எல்லாரும் சிகிச்சை முறையைப் பற்றிக் கேட்டார்கள். எனக்கு ஆச்சரியம் வேறு. சென்னையில் ஒரு வீட்டுக்காரரை எப்படி அவர்கள் சம்மதிக்க வைத்தார்கள்? தி.நகரில் பேச்சிலர் என்றாலே கதவைச் சாத்துகிறார்கள். முட்டை வேகவைக்கும் வாசனைக்கு அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. மனநோயிலிருந்து மீண்ட பெண்களுக்கு ஒரு சாவியை வாங்கித் தருவதற்கு முன்னால் எந்த மருந்துக் கண்டுபிடிப்பும் சின்னதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை என் கட்டுரையில் எழுதியபோது வாத்தியார் ஓரத்தில் 'ஆதாரம்?' என்று கேட்டிருந்தார். அவர் ஒரு தடவை மாம்பலத்தில் வீடு தேடிப் பார்க்கட்டும்.

பீற்றல் இங்கே முடிகிறது, ஏனென்றால் அதே வாத்தியார் அடுத்த வாரம் ஒரு கட்டுரையைக் கொடுத்தார். 2008-இல் நாலு பேர் சேர்ந்து எழுதியது. ஏழை நாடுகளில் நன்றாகத் தேறுகிறார்கள் என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிற கட்டுரை. எழுதியவர்களில் ஒருவர் நம் சென்னை டாக்டர் ஆர். தாரா, ஸ்கார்ஃப்பைச் சாரதா மேனனோடு சேர்ந்து கட்டியவர். ஊர் நம்மைப் புகழும்போது உள்ளூர்க்காரரே எழுந்து, கொஞ்சம் நில்லுங்கள், சரியாகப் பார்த்தீர்களா என்று கேட்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடிவிட்டது.

குடும்பம் பார்த்துக்கொள்கிறது என்று எல்லாரும் சொல்கிறோம். குடும்பத்தில் யார்? சின்னத் தாத்தாவை நினைத்துக்கொண்டேன் அத்தை. வருகிறவர்களிடம் 'கொஞ்சம் அமைதியானவர்' என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக் கதவைச் சாத்துவோமே. மாத்திரையை எண்ணிக் கொடுத்தது, சவரத்துக்கு ஆள் கூட்டி வந்தது, ராத்திரி அவர் கிளம்பிப் போய்விட்டால் லைட் ஹவுஸ் வரைக்கும் தேடிப் போனது எல்லாம் யார்? அப்பா கடையைப் பார்த்தார். சித்தப்பா அரசியல் பேசினார். நீங்கள் ஊர்க் கல்யாணம் எதற்கும் ராத்திரி தங்கினதே இல்லை, ஏன் என்று நாங்கள் கேட்டதும் இல்லை. இங்கே நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் என்ன தேவை என்று கேட்டு மதிப்பீடு செய்ய வேண்டியது உள்ளாட்சியின் கடமை, 2014-இல் சட்டமே வந்திருக்கிறது. எல்லாருக்கும் அது கிடைத்துவிடுவதில்லை, அது வேறு கதை. ஆனால் 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்க ஒரு படிவமாவது இருக்கிறது.

அதனால் என் ஆய்வு அதைப் பற்றித்தான். கோடையில் வருகிறேன். மயிலாப்பூர், அடையாறு பக்கம், வீட்டில் மனநோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களிடம் பேசப் போகிறேன். அதற்கு முன்னால் அறநெறிக் குழு என்று ஒன்று அனுமதி தர வேண்டும். அவர்கள் என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிக் கேட்டிருக்கிற கேள்விகளில் முதலாவது: பேட்டி நடக்கும் வீட்டில், பேசுவது பிறர் காதில் விழாத தனி அறை இருக்கிறதா?

இதற்கு என்ன பதில் எழுதுவது, நீங்களே சொல்லுங்கள். நம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஹாலில் ஆயா. அடுத்த அறையில் டிவி, டிவிக்கு முன்னால் மாமா. சமையலறை ஜன்னல் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் திறக்கிறது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு இடம் இருக்கிறது, அங்கே நின்றுதான் எல்லாப் பெண்களும் முக்கியமான போன் பேசுகிறார்கள். 'தொட்டிக்குப் பின்னால்' என்று எழுதினால் குழு ஒப்புக்கொள்ளுமா தெரியவில்லை, எழுதிப் பார்க்கிறேன். ரெண்டாவது கேள்வி: பேசுகிறவர் அழுதால் என்ன செய்வீர்கள்? மூணாவது: கலந்துகொள்பவர்களுக்கு என்ன கொடுப்பீர்கள்? பத்து பவுண்டு மதிப்புக்குக் கூப்பன் கொடுக்கலாமாம். பாண்டி பஜாரில் செல்லுகிற மாதிரி ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும்.

உங்களிடம் வேண்டுவது இவ்வளவுதான். தெரிந்தவர்கள் யாராவது பேசச் சம்மதிப்பார்களா என்று மெதுவாக, மறுபடியும் சொல்கிறேன் மெதுவாக, விசாரித்து வையுங்கள். கட்டாயப்படுத்தக் கூடாது. யார் சம்மதித்தார்கள் என்று இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, ஆயாவிடமும்தான். சொந்தக்காரர்களை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பது விதி, அதனால் உங்கள் பேர் பட்டியலில் வராது, கூப்பனும் கிடையாது. ஆனால் ரெக்கார்டர் இல்லாமல், படிவம் இல்லாமல், நீங்களும் நானும் ஒருநாள் சாயங்காலம் மாடிக்குப் போக எந்தக் குழுவின் அனுமதியும் வேண்டாம். அன்றைக்கு நான் குறுக்கே பேசமாட்டேன், பயிற்சி எடுத்திருக்கிறேன். மாமாவை மட்டும் அந்த நேரத்துக்கு எங்காவது அனுப்பி வையுங்கள். காய்கறி வாங்க அனுப்பினால் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார், ரங்கநாதன் தெருவுக்கு அனுப்புங்கள், அதுவும் சனிக்கிழமையாகப் பார்த்து.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: தரகரிடம் 'எம்.எஸ்., லண்டன்' என்பதை அடிக்கச் சொல்லுங்கள். வேலை என்ன என்று கேட்டால் ஆயாவின் வேலைதான், சம்பளத்தோடு என்று சொல்லச் சொல்லுங்கள்.